எந்தக் கலரு வைக்கிறது? – மலையகத்தில் கூடிச் செய்யும் கலை தரும் தைரியம்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, பின்னேரம். தொழிலாளரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் சிமெந்துத் தரையில் 11 பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிழிந்த சேலைகள், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள், இரண்டு கத்தரிக்கோல், ஒரு பிஸ்கட் டின் நிறைய நூல். அடித்துணியாக ஒரு வெள்ளைப் பெட்சீட்டை விரித்திருந்தார்கள். அதன்மேல் துணியை வெட்டி வைத்துத் தைத்துத் தங்கள் தோட்டத்தைப் படமாக்க வேண்டும். நான் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவுக்கு மலையைத் தைக்கும் வேலை. ஊசியில் நூல் கோத்தாகிவிட்டது. முன்னால் நாலைந்து பச்சைத் துண்டுகள் கிடக்கின்றன. ஆனால் கை நகரவில்லை.

“டீச்சர், எந்தக் கலரு வைக்கிறது?”

“நீங்கதான் சொல்லணும் அக்கா,” என்றார் குழுவை நடத்திய டீச்சர்.

“எனக்கு என்னாங்க தெரியும்? நீங்க சொல்றத நான் தச்சுர்றேன்.”

பத்து நிமிடம் அப்படியே போனது. பக்கத்தில் இருந்தவளிடம் “நீ சொல்லு புள்ள” என்றார். அவளும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துவிட்டாள். இந்த அக்கா முப்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். இரண்டு இலை ஒரு மொட்டு எது, முற்றிப்போன வங்கி இலை எது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் முடிவு செய்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் ஆயிரமாக முடிவெடுக்கிற கை அது. பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் “எனக்கு என்னாங்க தெரியும்” என்றுதான் வாய் சொல்கிறது.

கூட்டாகக் கலை செய்தால் தன்னம்பிக்கை வளரும் என்று பல இடங்களில் பேசப்படுகிறது. திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள், பாடசாலை விழாக்களில் சொல்கிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் வளராமல் போகிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்துப் பேசவில்லை. அந்த அக்காவின் பத்து நிமிட மௌனத்திலிருந்து தொடங்கினால் விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அந்த மௌனம் அவருடைய சொந்தக் குணம் அல்ல. தோட்டத்து நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் பெரட்டு, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம். இன்றைக்கு எந்த மலை என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி சொல்வார். எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், என்று தோட்டம் சொல்லும். பல இடங்களில் 18 கிலோ, சில இடங்களில் 20. குறைந்தால் அரைப் பேர். கொழுந்தை நிறுப்பவர் வேறு ஒருவர். கூடைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கழிப்பது என்பதும் அவர் கையில். நாட்சம்பளம் எவ்வளவு என்பது கொழும்பில் கூடிப் பேசுபவர்கள் கையில். குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் கூரையை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்க வேண்டும். ஒரு மனுசி தன் கைவேலையைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லும் இடம் அந்த நாளில் எங்கே இருக்கிறது? சமையலறையில் இருக்கலாம். அங்கேயும் எல்லா வீட்டிலும் இல்லை.

இதற்கு 200 வருட வேர் இருக்கிறது. 1820களில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட பிறகு அந்தத் தேயிலைக்குள்ளேயே பரம்பரையாக வாழ்ந்தவர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3 இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு நாட்டுத் தலைவர்கள் முடிவு செய்தார்கள். யாரை எந்தப் பக்கம் என்று பிரிக்கப்பட்ட குடும்பங்களிடம் எவரும் கேட்கவில்லை. இந்தப் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு காலம் மற்றவர்கள் தீர்மானித்த வாழ்க்கையை வாழ்ந்த ஒரு சமூகத்தில், “எந்தக் கலரு வைக்கிறது” என்ற கேள்வி சின்னக் கேள்வியே அல்ல.

என் கருத்து இதுதான்: கலைக் குழு தன்னம்பிக்கையைப் பாராட்டுகளால் வளர்ப்பதில்லை. தானே முடிவெடுப்பது, அந்த முடிவு தன் சனத்தின் கண்முன்னால் நிலைத்து நிற்பது, இரண்டையும் பழக்கமாக்கித்தான் வளர்க்கிறது.

உளவியலில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் ‘தன்னால் முடியும் என்ற எண்ணம்’ எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார். நான் நல்லவள், மதிப்புள்ளவள் என்று பொதுவாக நினைப்பது வேறு, இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்று நம்புவது வேறு. இரண்டாவதுக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அவற்றில் வலியது. தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. ‘உன்னால் முடியும்’ என்று பிறர் சொல்வதும், உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதும் மற்ற இரண்டு. நம் ஊர்களில் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். மேடையில் ஏறி “பிள்ளைகளே, உங்களால் முடியும்” என்று பேசிவிட்டு இறங்குகிறோம். நான்கில் பலம் குறைந்தவற்றில் ஒன்று அது. செய்து பார்த்துத் தோற்றால் உடனே கரைந்துபோகும்.

இந்த நான்கும் ஒன்றாகக் கூடும் இடம் ஒன்றை மலையக மக்கள் நீண்ட காலமாகவே வைத்திருக்கிறார்கள். பண்டூராவைத் தெரியாமலே வைத்திருக்கிறார்கள்.

காமன் கூத்தைச் சொல்கிறேன். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் முதன்மையான கூத்து மரபு அது. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கிற இரவு வரை தோட்டமே கூத்துக்குள் இருக்கும். தவத்தைக் கலைத்ததற்காகச் சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கிறது, ரதி அழுது மன்றாடுகிறாள், பிறகு மன்மதன் எழுப்பப்படுகிறான். இதுதான் கதை. காமன், ரதி, தூதன், யமன், வீரபத்திரன், கோமாளி என்று வேடங்கள். இது பார்ப்பதற்கென்று டிக்கட் போட்டு வைத்த நிகழ்ச்சி அல்ல. பந்தம் பிடிப்பவர், தப்பு என்ற பறையைத் தீயில் காய்ச்சுபவர், வேடக்காரருக்குத் தண்ணீர் கொண்டு ஓடும் பையன், விடிய விடிய பிளேன்டீ ஊற்றும் அம்மாயி என்று எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நான் சின்ன வயதில் பார்த்த ஒரு காமனை இன்றுவரை மறக்கவில்லை. ஆள் ஒல்லி. கேட்டால்தான் பேசுவான், கேட்டாலும் பாதிதான் பேசுவான். கூத்துப் பழக்கும் மாஸ்டர் அவனைக் காமனாக்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். காப்புக் கட்டியதிலிருந்து அவன் விரதம். மச்சம் தொடுவதில்லை. லயத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, “காமன் வருது, வழிய விடு” என்றார்கள். வயதானவர்கள்கூட அவனுக்கு விலகி நின்றார்கள். ஓர் இரவு பாட்டில் இரண்டாம் அடி அவனுக்கு மறந்துவிட்டது. ஒரு நொடி பொட்டலே அமைதி. மாஸ்டர் அவனைத் திட்டவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. பின்பாட்டுக்காரர்கள் முதல் அடியையே இன்னொரு முறை இழுத்துப் பாடினார்கள். தப்பு அந்த இடைவெளியை நிரப்பியது. அவனுக்கு அடி ஞாபகம் வந்தது, பிடித்துக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன் மறந்ததே தெரியாது.

கூடிச் செய்யும் கலையின் மிகப் பெரிய பலம் எனக்குத் தெரிந்து அந்த ஒரு நொடியில் இருக்கிறது. பிழை நேர்கிறது, ஆனால் அவமானம் நேரவில்லை. பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று தவறான விடை சொன்ன பிள்ளைக்கு அடுத்த முறை கை தூக்க மனம் வராது, ஏனென்றால் அங்கே அவன் தனியாக நின்று தோற்றான். கூத்தில் தோல்வி குழுவின் கைகளில் விழுகிறது, குழு அதைப் பிடித்துக்கொள்கிறது. பிழைவிட்டும் முடித்துவிடலாம் என்று ஒருவன் உடம்பால் கற்றுக்கொள்கிறான். நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பயம் என்று நினைத்தவன், தப்பின் வேகத்தோடு அது சேரும்போது அதை ஆவேசமாக உணர்கிறான். அடி மறந்த அன்று விடியற்காலையில் அவன் முகத்தைப் பார்த்தேன். முகப்பூச்சு வியர்வையில் வழிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

வேடம் இன்னொன்றும் செய்கிறது. தன் சொந்தக் குரலில் உரத்துப் பேசத் துணியாதவன் யமனின் குரலில் அதட்டலாம். கோமாளி வேடம் போட்டவன் கங்காணியின் நடையை அப்படியே நடந்து காட்டலாம், கங்காணியே சிரிப்பார். வேடம் களைந்த பிறகு அந்தக் குரல் முழுதாகப் போய்விடுவதில்லை. தொண்டைக்கு அந்த அளவு சத்தம் போட முடியும் என்பது தெரிந்தாகிவிட்டது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கூத்து எல்லாருக்கும் ஒரே அளவில் தைரியம் கொடுத்ததில்லை. ரதி வேடத்தைக்கூட ஆண்களே போட்டார்கள். பெண்கள் கும்மியோடும் குலவையோடும் நின்றார்கள். தப்பு அடித்தவர்களின் நிலை இன்னும் மோசம். பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும், சாமிக்கும், சாவுக்கும் தப்பு வேண்டும். ஆனால் அடித்தவரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். கலை அவர்கள் கையில் இருந்தது, மரியாதை இருக்கவில்லை. அதனால்தான் சொந்தப் பிள்ளைகளிடம் “இந்தத் தொழில் உனக்கு வேண்டாம்டா” என்று தப்பைப் பரணில் தூக்கிப் போட்ட அப்பாக்கள் இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இன்று பல சாதிப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் சேர்ந்து தப்பு பழகும் இளைஞர் குழுக்களைப் பார்க்கும்போது சந்தோசமாக இருக்கிறது. ஆனால் தப்பைக் கையில் எடுத்துவிட்டு, அதைக் காத்துத் தந்தவரின் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினால், அந்தக் குழு யாருடைய நம்பிக்கையை வளர்க்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

பெண்களின் குரல் பொது இடத்துக்கு வந்த வரலாறும் நம்மிடம் உண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், பேச்சைவிடப் பாட்டு தூரம் போகும் என்று தெரிந்துவைத்திருந்தார். தொழிலாளர் கூட்டங்களில் எழுந்து பாடினார். தொழிலாளருக்குத் தெரிந்த மெட்டில் அவர்களுடைய குறைகளை வைத்தார். படிப்பறிவு கிடைக்காத ஒரு கூட்டத்துக்குத் துண்டுப் பிரசுரம் எட்டாது, பாட்டு எட்டும். ஒரு தடவை கேட்டால் மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது வாயில் வரும். அதற்கும் முன்பே தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கங்காணியைத் திட்டும் பாட்டிலும் பெண்கள் தங்கள் மனதைச் சொல்லித்தான் வந்தார்கள். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்த வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல காற்றோடு போயிருக்கும். ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்ணுக்குச் சொல் வராது என்று யார் சொல்ல முடியும்? அவளுடைய சொல்லைக் கேட்பதற்கு ஒரு கூட்டம் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

உலகத்தில் வேறு இடங்களில் இதே விசயத்தைக் கண்டுபிடித்த விதமும் சுவையானது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் பெரு நாட்டில் மக்களோடு வேலை செய்தபோது நடந்ததாக அவரே சொன்ன ஒரு நிகழ்ச்சி. பார்வையாளர் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண் சொன்ன யோசனையை நடிகர்கள் நடித்தார்கள். “நான் சொன்னது இது இல்லை” என்றார் அந்தப் பெண். திரும்ப நடித்தார்கள். அதுவும் இல்லை. கடைசியில் போவால் அவரையே மேடைக்கு ஏறச் சொன்னார். ஏறி, தானே செய்து காட்டினார். இன்று நாம் விவாத அரங்கு என்று சொல்லும் முறையின் பிறப்பை அங்கேதான் வைத்தார் போவால். தன் எண்ணத்தை இன்னொருவர் செய்து காட்டும்போது அது பாதி ஆகிவிடுகிறது என்று அந்தப் பெண் உணர்ந்திருக்கிறார். இலங்கையிலும் நாடகக்காரர் பராக்கிரம நிரியெல்ல முன்னின்று உருவாக்கிய மக்கள் களரி என்ற நாடகக் குழு, சிங்கள இளைஞர்களையும் தமிழ் இளைஞர்களையும் ஒரே குழுவாக வைத்து, கூடார அரங்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மொழி தெரியாத ஒருவன் இன்னொரு மொழியில் வசனம் பேசிப் பழகும்போது வரும் துணிவு, வகுப்பறையில் இரண்டாம் மொழி படித்து வரும் துணிவைப் போன்றதல்ல.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் பிரான்சுவா மத்தராசோ 1997இல் வெளியிட்ட ஆய்வில், சமூகக் கலைத் திட்டங்களில் பங்கெடுத்த பெரியவர்களில் 84 வீதமானோர் தங்களால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை கூடியதாகச் சொன்னார்கள். அந்த எண் உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு கேள்விகளும் வந்தன. விரும்பி வந்து கடைசிவரை இருந்தவர்களிடம் கேட்டால் நல்லதைத்தானே சொல்வார்கள், நடுவில் நின்றுவிட்டவர்கள் என்ன சொல்வார்கள், ஒரு வருடம் கழித்து என்ன நிலைமை என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலையில் ஈடுபடுவது உடலுக்கும் மனதுக்கும் நன்மை செய்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. மொத்தத்தில் திசை தெளிவு. ஆனால் எந்தக் குழுவில், யாருக்கு, எவ்வளவு காலம் என்பது அந்தந்தக் குழு நடக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

நான் பார்த்த குழுக்களில் எங்கே தவறியது என்றும் சொல்கிறேன். ஒரு முறை, பெண்கள் வரைந்த சுவர் ஓவியத்தை, விழாவுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று முந்தின இரவு ஒரு சித்திர ஆசிரியர் திருத்தினார். கோணலாக இருந்த லயத்தை நேராக்கினார். கொழுந்து எடுக்கும் பெண்ணின் முகத்தில் ஒரு புன்னகை வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார், கெட்டிக்காரர். காலையில் வந்து பார்த்த பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. “வடிவா இருக்கு சேர்” என்றார்கள். அடுத்த கிழமை ஆறு பேர் வரவில்லை. ஏன் என்று கேட்டபோது ஒருவர் சொன்னார்: “அதான் சேரே நல்லா வரையுறாரே, நாங்க எதுக்கு?”

அந்த ஒரு புன்னகையோடு பல வாரத்து உழைப்பு போய்விட்டது. லயம் கோணலாக இருந்தது கை தெரியாததால் அல்ல, லயமே கோணல்தான்.

போட்டிகளும் இப்படித்தான். தமிழ்த் தினப் போட்டிக்குப் பாடசாலையில் நாடகம் பழக்குகிறோம். வலயம், மாகாணம், தேசியம் என்று போக வேண்டும் என்ற ஆசையில், ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைத்தான் எடுக்கிறோம். பேசாத பிள்ளை திரைச்சீலை இழுக்கிறது. வருடா வருடம் அதே பிள்ளை இழுக்கிறது. ஆசிரியர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கு மேலிருந்து வரும் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் தன்னம்பிக்கை யாருக்கு வேண்டுமோ அவர்களை வெளியில் வைத்துவிட்டு, இருப்பவர்களுக்கே இன்னும் கொடுக்கும் வேலை அது. போட்டியில்லாத ஒரு நாடகமாவது வருடத்துக்கு ஒன்று போடலாம். தோட்டத்துக் கோயில் திருவிழா இரவில், சாமி சுற்றி வந்த பிறகு, அந்த மேடை காலியாகத்தானே கிடக்கிறது.

நேரம் என்ற பிரச்சினையும் பெரிது. காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, அந்தி நிறுவை முடிந்து வந்து, தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைப் பாடம் என்று போகிறவளிடம் “பின்னேரம் நாலு மணிக்குச் சித்திரக் குழு” என்று சொல்வது கொடுமை. ஞாயிறும் போயாவும்தான் மிச்சம், அன்றைக்குத்தான் துணி துவைக்கவும் வேண்டும். மஸ்கெலியாக் குழு நிலைத்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் கத்திக்கொண்டு திரிந்தார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் எவரும் நடுவில் நின்றுவிடவில்லை. இளைஞர்களின் நிலைமை வேறு. பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார்கள். அதனால் வசனத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிப் பழகிவிட்டு, வந்த மூன்று நாளில் சேர்ந்து ஆடிப் பார்க்கும் கூட்டங்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கொழும்பில் ஒரு கடைக்குப் பின்னால் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டு வீரபத்திரன் வசனம் சொல்லிப் பார்க்கும் பையனுக்கு, தான் ஊரில் யார் என்பது அந்த ஐந்து நிமிடமாவது நினைவிருக்கிறது.

மூன்று மாதத் திட்டமாக வந்து, பேனர் கட்டி, படம் பிடித்துப் போய்விடும் முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. திறந்த மனதை மூடாமல் விட்டுப் போவது நல்லதல்ல. தொடர முடியாவிட்டால், முதல் நாளே எத்தனை நாள் என்று சொல்லிவிட வேண்டும்.

கலை சம்பளத்தைக் கூட்டாது. லயத்துக்குப் பதில் காணியும் வீடும் கொடுக்காது. அவற்றுக்குப் போராட்டமும் சட்டமும் வேண்டும். ஆனால் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று “கணக்கு சரியில்லீங்க” என்று சொல்வதற்குக் குரல் வேண்டும், அந்தக் குரல் முதல் தடவையாகக் கூட்டத்திலேயே வந்துவிடாது. அதை எங்காவது பழகியிருக்க வேண்டும்.

மஸ்கெலியா அக்காவிடம் திரும்பி வருகிறேன். பத்து நிமிடம் கழித்து அவர் ஒரு காரியம் செய்தார். பச்சைத் துண்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பிஸ்கட் டின்னுக்குக் கீழே கிடந்த ஒரு பழுப்புச் சேலைத் துண்டை எடுத்தார். “மல இப்ப கவ்வாத்து வெட்டிக் கெடக்குங்க. பச்சையா இல்ல.” டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் உடனே, “ஆமா, அஞ்சாம் நம்பர் மல குச்சியாத்தான் நிக்குது” என்றாள். அந்த ஒரு சொல் போதும். அக்கா தைக்கத் தொடங்கினார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுவது; அப்படி வெட்டிய மலையில் மிச்சம் நிற்கும் குச்சிகளைக் கறுப்பு நூலால் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டார். சுற்றுலாப் படங்களில் வரும் மலை எப்போதும் பச்சைதான். வெட்டிய மலையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அதன் பிறகு மற்றவர்களும் திறந்துகொண்டார்கள். கூடைக் கயிறு நெற்றியில் அல்ல, உச்சந்தலையில் என்று ஒருத்தி இன்னொருத்தியின் படத்தைத் திருத்தினாள். கொழுந்து எடுக்கும் பெண்களின் காலில் ஒரு பெண் சிவப்பு மணிகளைத் தைத்தாள். என்னவென்று கேட்டேன். “அட்ட கடிச்சது” என்றாள். நிறுக்கும் தராசைத் தைத்தவள் அதை மலையைவிடப் பெரிதாகத் தைத்தாள். யாரும் அதைச் சின்னதாக்கச் சொல்லவில்லை.

அந்தத் துணி முடிய ஐந்து மாதம் ஆனது. கண்டியில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று பெண்களே கூடிப் பேசினார்கள். கொடுக்கலாம், ஆனால் திரும்ப வர வேண்டும், கூட இரண்டு பேர் போக வேண்டும் என்று முடிவாயிற்று. போக ஒத்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் மலை தைத்த அக்கா. அங்கே என்ன பேசுவது என்று கேட்டதற்கு, “என்னா இருக்கு, தச்சத சொல்றது” என்றார்.

அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, கீழ் மூலையில் பேர் தைத்தார்கள். ஒரு பிள்ளை கொப்பியைப் பார்த்து எழுத்துக்களைப் பென்சிலால் போட்டுக் கொடுக்க, அவரவர் தங்கள் பேரைத் தைத்தார்கள். ஒருத்தி, இடம் காணாது, முதல் எழுத்தை மட்டும் போடட்டுமா என்று கேட்டாள்.

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அரப் பேரா? இங்கயுமா? முழுப் பேரும் போடு புள்ள.”

அறையே சிரித்தது. அந்தப் பெண் ஏற்கெனவே போட்டிருந்த ஒற்றை எழுத்தைப் பிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி, முதலிலிருந்து தொடங்கினாள்.